கட்சியின் ஊடகப் பிரிவிலிருந்து அமைச்சரின் ஆலோசகர் பதவிக்கு: பிரித்தானியத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

வெஸ்ட்மின்ஸ்டரில் வேலை தேடும் நம் பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "யாரைப் பிடிக்க வேண்டும்?" என்றுதான். ஆளைப் பிடிப்பது இரண்டாம் பட்சம். கட்சியின் ஊடக அலுவலராக இருந்து அமைச்சர் ஒருவரின் சிறப்பு ஆலோசகராகப் போகும் பாதையில் பலர் தடுக்கி விழுவது தாள்களில். பெயர் எழுத்து பொருந்தாத ஆவணம், விளக்க முடியாத ஒரு வங்கிக் கணக்கு, படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இரண்டு மாத வாடகைகூட இல்லாத சேமிப்பு. திறமையானவர்கள்தான் இவற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் இந்தப் பாதையில் போனபோது இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிறப்பு ஆலோசகர் என்பவர் தற்காலிக அரசு ஊழியர். வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரத்தில் சுருக்கமாக 'ஸ்பாட்' என்பார்கள். 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்த மற்றும் ஆளுகைச் சட்டம்தான் இந்தப் பதவிக்கு அடிப்படை. அமைச்சர் தாமே ஆளைத் தேர்ந்தெடுப்பார், பிரதமர் ஒப்புதல் தர வேண்டும். மற்ற அரசு வேலைகளுக்கு உள்ள திறந்த போட்டி இதற்குக் கிடையாது. சம்பளம் மக்கள் வரிப்பணம். ஊடகத்தைக் கவனிப்பவர், கொள்கையைக் கவனிப்பவர் என்று பெரும்பாலும் இரண்டு வகை. கட்சியின் ஊடகப் பிரிவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகைக்கே போவார்கள்.

இந்த வேலைக்கு விளம்பரம் வராது. தேர்தலுக்கு மறுநாளோ அமைச்சரவை மாறும் அன்றோ ஒரு தொலைபேசி அழைப்பு வரும், பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம். அதனால் கீழே உள்ளவற்றில் முதல் நான்கையும் அந்த அழைப்புக்குப் பல மாதங்கள் முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும்.

1. கடவுச்சீட்டும் வதிவிட உரிமையும்

அரசு வேலைக்குப் பிரித்தானியக் குடியுரிமை கட்டாயம் என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பிரித்தானியக் குடிமக்கள், ஐரிஷ் குடிமக்கள், இங்கு வேலை செய்யும் உரிமை பெற்ற காமன்வெல்த் நாட்டவர் எல்லோரும் பெரும்பாலான அரசுப் பணிகளுக்குத் தகுதியுடையவர்கள். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே காமன்வெல்த் நாடுகள். ஆனால் பாதுகாப்பு சார்ந்த சில பதவிகள் பிரித்தானியக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. உங்கள் அமைச்சர் எந்தத் துறைக்குப் போவார் என்பது உங்கள் கையில் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்சியோ எம்.பி. அலுவலகமோ உங்களுக்கு ஸ்பான்சராக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகு இந்தத் துறைக்குள் வருவதுதான் நடைமுறைக்கு ஒத்தது. செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். நிரந்தர வதிவிடம், குடியுரிமை இரண்டுக்குமான விண்ணப்பக் கட்டணங்களைக் கூட்டினால் ஒருவருக்கு 4,500 பவுண்டுக்கு மேல் வரும். 'லைஃப் இன் த யூகே' தேர்வுக்குத் தனியாக 50 பவுண்ட். முடிவு வர ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை ஆகலாம். கட்டணம் அடிக்கடி ஏறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

குடியுரிமையைவிடப் பலரைத் தடுப்பது வதிவிடக் காலம். பாதுகாப்புச் சோதனையில் படிநிலைகள் உண்டு. பயங்கரவாத எதிர்ப்புச் சோதனைக்குப் பொதுவாக 3 ஆண்டுகள், அடுத்த நிலையான எஸ்.சி.க்கு 5 ஆண்டுகள், உச்ச நிலையான டிவெலப்ட் வெட்டிங்குக்கு 10 ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இடையில் ஊருக்குப் போய் ஆறேழு மாதம் தங்கியிருந்தால் போன தேதி, வந்த தேதி, தங்கிய முகவரி மூன்றையும் எழுதி வையுங்கள். பின்னால் கேட்பார்கள், அப்போது நினைவிலிருந்து தோண்டியெடுப்பது பெரும்பாடு.

2. பெயரை ஒழுங்குபடுத்துங்கள், ஒரு கோப்பு போடுங்கள்

இது நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்போம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து. வங்கியில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். பல்கலைக்கழகச் சான்றிதழில் பெயரின் பாதி காணாமல் போயிருக்கும். கலியாணத்துக்குப் பிறகு பெண்களுக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துவிடும். இங்குள்ள மனிதவள அதிகாரிக்கு இந்த வழக்கம் தெரியாது. அவருக்கு அது நான்கு வேறு ஆட்கள்.

எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வங்கி, ஓட்டுநர் உரிமம், வரி அலுவலகம், வாக்காளர் பட்டியல் நான்கையும் கடவுச்சீட்டிலுள்ள பெயருக்கு மாற்றுங்கள். இவற்றில் பெரும்பாலானவை இலவசம் அல்லது சிறு செலவு, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று வழக்கறிஞர் முன்னிலையில் ஒரு சத்தியக் கூற்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- கடவுச்சீட்டு. குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் ஈ-விசா கணக்கில் நுழைய முடிகிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். வேலை உரிமையைக் காட்டும் 'ஷேர் கோட்' அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.
- தேசியக் காப்புறுதி எண், முகவரிச் சான்று.
- கடந்த மூன்று ஆண்டு வேலை விவரம், இடைவெளிகளுக்கு விளக்கம். அரசு வேலையின் அடிப்படைச் சோதனை அடையாளம், வேலை உரிமை, மூன்றாண்டு வேலை வரலாறு, இன்னும் காலாவதியாகாத குற்றத் தண்டனை ஆகிய நான்கையும் பார்க்கும்.
- பத்து ஆண்டு முகவரிப் பட்டியல், மாதம் ஆண்டோடு. அறை வாடகைக்கு இருந்த வீடுகளும் உட்பட.
- பெற்றோர், துணைவர் ஆகியோரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை.

கடைசி வரியில் நம்மில் சிலருக்குத் திணறல் வரும். போரில் ஆவணங்கள் எரிந்தவர்கள், தகப்பனாரின் பிறந்த தேதியே சரியாகத் தெரியாதவர்கள் நிறைய. தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். 'ஆவணம் இல்லை, காரணம் இது' என்று எழுதினால் போதும். ஊகித்து எழுதியது பின்னால் வேறொரு தாளோடு முட்டும்போதுதான் தலைவலி.

3. கட்சி ஊடக வேலைக்குள் நுழைதல்

மூன்று வாசல்கள் உண்டு: எம்.பி. அலுவலகம், கட்சித் தலைமையகம், பத்திரிகைத் துறை. எம்.பி. அலுவலகமே புதியவருக்கு எளிது. 'வொர்க் ஃபோர் ஆன் எம்.பி.' என்ற தளத்தில் வேலைகள் வரும். சம்பளத்தை ஐப்சா என்ற தனி அமைப்பு தருகிறது, சம்பள நிலைகளையும் அதுதான் வகுக்கிறது. ஆனால் உங்கள் முதலாளி அந்த எம்.பி., கட்சி அல்ல. அவர் தோற்றால் உங்கள் வேலையும் போகும். பாராளுமன்ற அனுமதி அட்டைக்குப் பயங்கரவாத எதிர்ப்புச் சோதனை வேண்டும் என்பதால், மேலே சொன்ன மூன்றாண்டுக் கணக்கு முதல் வேலையிலேயே உங்களைத் தொடும்.

தலைமையக நேர்காணலில் கட்டாயம் ஓர் எழுத்துத் தேர்வு இருக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். அரைமணி முக்கால்மணி நேரத்தில் ஓர் அறிக்கை, சங்கடமான ஒரு கேள்விக்கு அமைச்சரோ நிழல் அமைச்சரோ (எதிர்க்கட்சியில் அந்தத் துறையைக் கவனிப்பவர்) சொல்லக்கூடிய மூன்று வரிப் பதில். நம் பிள்ளைகள் அறிக்கையை நன்றாக எழுதுகிறார்கள். மூன்று வரிப் பதிலில்தான் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். வானொலியில் ஒருவர் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய நீளம் எதுவோ அதுதான் அளவு. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சம்பளம் இல்லாத 'அனுபவ' வேலைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது: இரண்டு வாரத்துக்கு மேல் போகாதீர்கள். லண்டன் வாடகையை அப்பா அம்மா கட்டக்கூடியவர்களுக்கென்றே அமைந்த ஏற்பாடு அது.

4. கட்சியில் இருக்கும் ஆண்டுகளில் சேர்க்க வேண்டியவை

ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுகாதாரமோ, வீடமைப்போ, குடிவரவோ. எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுதத் தெரிந்தவர் தலைமையகத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். அமைச்சராகப் போகிறவர் தேடுவது, தன் துறையின் எண்கள் விரல் நுனியில் இருக்கும் ஒருவரை. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் எந்த நாளில் வெளிவரும், அதில் எந்த எண்ணைப் பத்திரிகைகள் எடுக்கும், முந்தைய மாதம் நாம் என்ன சொன்னோம் என்று கேட்டவுடன் சொல்லக்கூடிய ஆள் வேண்டும். நிழல் அமைச்சரோடு ஓராண்டு இப்படி வேலை செய்தவரைத்தான் அவர் அமைச்சரானதும் கூப்பிடுவார். தேர்வு அவர் கையில் என்று சட்டமே சொல்கிறது. கட்சித் தலைவரின் அலுவலகத்தில் எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருப்பதைவிட இது வலியது.

பாராளுமன்றத்துக்குள் இருந்து அரசியல் செய்தி சேகரிக்கும் 'லாபி' செய்தியாளர்களோடு பழகும்போது எது பெயரோடு வரலாம், எது பெயரில்லாமல் வரலாம், எது வரவே கூடாது என்பதைப் பேசுவதற்கு முன் சொல்லுங்கள். பேசி முடித்துவிட்டு 'இது வெளியே வேண்டாம்' என்றால் அவர் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் சமூக வலைத்தளப் பழைய பதிவுகளை இப்போதே புரட்டிப் பாருங்கள். நியமனம் வெளியான அன்று மாலையே எதிர்க்கட்சி ஊடகப் பிரிவில் உங்களைப்போல் ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். தமிழில் எழுதியது யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கை வேண்டாம், மொழிபெயர்ப்புக் கருவிகள் இருக்கின்றன.

பிறகு பணம். குறைந்தது நான்கு மாதச் செலவுக்கான தொகை தனிக் கணக்கில் இருக்கட்டும். ஏன் என்பதை அடுத்ததில் பார்ப்போம்.

5. தேர்தல் இரவும் அடுத்த சில நாட்களும்

எதிர்க்கட்சிகளின் பாராளுமன்றப் பணிக்கு அரசு ஒரு நிதி தருகிறது. 'ஷார்ட் மணி' என்பார்கள். நிழல் அமைச்சர்களின் ஆலோசகர்கள், ஊடக அலுவலர்கள் பலரின் சம்பளம் அதிலிருந்து வருவது. கட்சி வென்று ஆட்சிக்குப் போனால் அந்த நிதி நின்றுவிடும். அதாவது உங்கள் கட்சி பெருவெற்றி பெறும் அதே இரவில் உங்கள் வேலைக்கான பணம் இல்லாமல் போகலாம். எல்லோருக்கும் அரசில் இடம் கிடைக்காது. அரசு முழுவதிலும் சிறப்பு ஆலோசகர் பதவிகள் நூற்றுச் சொச்சம்தான். வெற்றி விழாவில் இதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். உங்கள் தற்போதைய ஒப்பந்தம் எந்த நிதியில் ஓடுகிறது என்று தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

அழைப்பு வந்துவிட்டால்:

- அமைச்சர் "வா" என்றது நியமனம் அல்ல. பிரதமர் அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும். அது அன்றே வரலாம், வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம்.
- எழுத்தில் வரும்வரை கட்சி வேலையை விட்டு விலகிக் கடிதம் கொடுக்காதீர்கள். நடுவில் உள்ள நாட்களுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.
- குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ரொறொன்ரோவில் இருக்கும் மாமா வாழ்த்துப் பதிவு போட்டு, அதைப் பார்த்துச் செய்தியாளர் தொலைபேசி எடுக்கும் அளவுக்கு உலகம் சிறியது.
- ஒப்பந்தம் இல்லாமல் துறைக் கட்டடத்துக்குள் வேலை தொடங்கச் சொன்னால் பணிவாக மறுங்கள். அரசுத் தாள்களைப் பார்க்க உங்களுக்கு அப்போது உரிமை இல்லை.

6. ஒப்பந்தமும் சம்பளமும்

சம்பளம் நிலைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. எந்த நிலை என்பதை அமைச்சர் தீர்மானிப்பதில்லை, மையத்தில் தீர்மானிக்கிறார்கள். கட்சியில் வாங்கியதைவிடக் குறையலாம். 2024இல் ஆட்சி மாறியபோது புதிய ஆலோசகர்கள் சிலர் எதிர்க்கட்சியில் இருந்ததைவிடக் குறைந்த சம்பளம் என்று முணுமுணுத்தார்கள். அதே செப்டெம்பரில் பிரதமரின் தலைமை அலுவலர் சூ கிரேயின் சம்பளம் 170,000 பவுண்ட், பிரதமருடையதைவிட அதிகம் என்று பிபிசி வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உங்கள் சம்பளம் இனி இரகசியம் அல்ல. ஆலோசகர்களின் பெயர், துறை, சம்பள நிலை ஆண்டுதோறும் வெளியாகும்.

பேரம் பேசும் இடம் ஒன்றே ஒன்று, அது தொடக்கம். சேர்ந்த பிறகு உயர்த்துவது மிகக் கடினம். கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நிலை, அந்த நிலைக்குள் எந்தப் புள்ளி என்று கேளுங்கள். அரசு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பார்கள், முதலாளி பங்கு தாராளமானது. சம்பளம் குறைகிறதே என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். மாதச் சுமையைக் குறைக்கிறேன் என்று அதிலிருந்து விலகாதீர்கள்.

ஒப்பந்தத்தில் விரலை வைத்துப் படிக்க வேண்டிய பத்தி, அது எப்போது முடிகிறது என்பது. அமைச்சர் அந்தப் பதவியை விட்டுப் போனால் உங்கள் வேலை முடிந்தது. அவர் போகாவிட்டாலும் அடுத்த பொதுத்தேர்தல் வாக்களிப்புக்கு மறுநாளோடு முடியும். காரணம் சொல்லவோ விசாரணை வைக்கவோ தேவையில்லை. பிரதமரும் உங்களை நீக்கலாம். 2019 ஆகஸ்டில் நிதியமைச்சரின் ஊடக ஆலோசகர் சோனியா கான் நீக்கப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய பொலிஸ்காரர் ஒருவர் டவுனிங் தெருவிலிருந்து அவரை வெளியே அழைத்துச் சென்றார். அவருடைய அமைச்சருக்கே முன்கூட்டித் தெரியாது. அடுத்த ஆண்டு அவருக்கு இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்தார்கள். ஐந்தாண்டு ஆட்சி என்றால் ஐந்தாண்டு வேலை என்று நினைத்து வீட்டுக் கடன் எடுக்காதீர்கள்.

7. பாதுகாப்புச் சோதனை

இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. துறைதான் உங்களை முன்மொழியும், இணையப் படிவம் உங்களுக்கு வரும். கட்டணம் இல்லை. 'முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்' என்று பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். எஸ்.சி. நிலையில் குற்றப் பதிவு, கடன் வரலாறு, உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5இன் பதிவுகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டிவெலப்ட் வெட்டிங் என்றால் அதற்கு மேல் சில மணி நேர நேர்காணலும், உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரணையும் இருக்கும். மாதங்கள் ஆகும். அதுவரை சில தாள்களும் சில கூட்டங்களும் உங்களுக்குக் கிடையாது. முகம் கோணாதீர்கள்.

நேர்காணலில் நம்மவர்கள் தயாராக இருக்க வேண்டியவை:

பணம். ஊருக்கு அனுப்பும் பணம், உறவினருக்குக் கைமாற்று, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உங்கள் பெயரில் இருக்கும் காணி, அம்மாவோடு கூட்டாக இருக்கும் வங்கிக் கணக்கு. அதோடு சீட்டு. மாதாமாதம் ஒருவரிடம் காசு கொடுத்து, ஒரு நாள் மொத்தமாகப் பல ஆயிரம் கணக்கில் வந்து விழுவது நமக்குச் சாதாரணம். படிவத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது விளக்கம் வேண்டிய பணம். எப்போது தொடங்கியது, எத்தனை பேர், எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருங்கள்.

உறவுகள். மூன்று கண்டத்தில் சிதறிய குடும்பம் குற்றம் அல்ல. எங்கே யார், எந்த நாட்டுக் குடியுரிமை, எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்திருந்தால் போதும். வெளிநாட்டு அரசிலோ படையிலோ வேலை பார்க்கும் நெருங்கிய உறவினர் இருந்தால் அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

அரசியல். விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் இங்கு தடைசெய்யப்பட்டது. 2009இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களோ உங்கள் அண்ணனோ இருந்திருக்கலாம், நினைவேந்தல்களுக்குப் போயிருக்கலாம். கேட்டால் போனதைப் போனேன் என்று சொல்லுங்கள். எந்த நிகழ்வு, யார் நடத்தியது, உங்கள் பங்கு என்ன என்பதை நேராகச் சொல்பவரைவிட, எதுவுமே தெரியாது என்று மழுப்புபவரைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் குறிப்பெடுப்பார்கள். இளவயதில் பிடித்த கஞ்சாவுக்கும் கட்டாமல் விட்ட கடன் அட்டைக்கும் இதே விதி.

8. நலன்களை அறிவித்தல்

உங்கள் பங்குகள், வாடகை வீடு, துணைவரின் வேலை இவையெல்லாம் படிவத்தில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போவது சங்கப் பதவிகள். கோயில் அறங்காவலர் சபை, தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழு, பழைய மாணவர் சங்கப் பொருளாளர், ஊர் நலன்புரிச் சங்கச் செயலாளர். பெயருக்குத்தானே என்று நினைப்போம். அந்தக் கோயில் அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் உங்கள் பெயர் அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் கிடக்கும். உங்கள் துறை அந்த அமைப்புக்கு மானியம் தரக்கூடியதென்றால் அது முரண்பாடு. எல்லாவற்றையும் எழுதுங்கள், எதை விட வேண்டும் என்று துறைச் செயலாளரின் அலுவலகம் சொல்லும்.

அன்பளிப்பு, விருந்தோம்பல், ஊடக முதலாளிகள், பத்திரிகை ஆசிரியர்கள், மூத்த நிர்வாகிகளுடனான சந்திப்பு ஆகியவை காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும். கட்சியில் இருந்தபோது ஆசிரியரோடு குடித்த கோப்பி உங்கள் சொந்த விஷயம். இனி அது ஒரு வரிப் பதிவு. நாட்குறிப்பில் அன்றன்றே குறித்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து யோசித்து எழுத முடியாது.

9. முதல் வாரங்களில் உள்ள பொறிகள்

கட்சியில் நீங்கள் செய்த பாதி வேலை இங்கே தடை. அரசுப் பணத்தைச் செலவிட நீங்கள் ஒப்புதல் தர முடியாது. அரசு ஊழியர்களை நிர்வகிக்க முடியாது. சட்டம் அமைச்சருக்குத் தந்த அதிகாரத்தை அவர் சார்பில் பயன்படுத்த முடியாது. துறையின் ஊடக அலுவலகத்தில் இருப்பவர்கள் கட்சி சாராத அரசு ஊழியர்கள். அமைச்சர் என்ன நினைக்கிறார் என்று அவர்களிடம் சொல்லலாம். எதிர்க்கட்சியைத் தாக்கி ஒரு பத்தி எழுதித் தா என்று கேட்க முடியாது. அதைக் கட்சித் தலைமையகம்தான் எழுத வேண்டும்.

அறிவிப்புகள் எந்த நாளில் வரும் என்பதை டவுனிங் தெருவின் 'கிரிட்' என்ற வார அட்டவணை தீர்மானிக்கும். உங்கள் அமைச்சருக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறதென்று நீங்களாக ஞாயிறு பத்திரிகைக்குக் கொடுத்துவிடாதீர்கள். முக்கியமான அறிவிப்புகளைப் பாராளுமன்றம் கூடியிருக்கும்போது முதலில் அங்கே சொல்ல வேண்டும் என்பது அமைச்சர்களுக்கான விதி. மீறினால் சபாநாயகரிடம் திட்டு வாங்குவது அமைச்சர், மாலையில் திட்டு வாங்குவது நீங்கள்.

சிறப்பு ஆலோசகர்கள் மூவரின் பழைய விவகாரங்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும், மூன்றும் விதிகளில் இன்னும் தழும்பாக இருப்பவை. 2001 செப்டெம்பர் 11 அன்று, கெட்ட செய்திகளை வெளியிட்டு மறைக்க நல்ல நாள் என்று ஜோ மூர் துறைக்குள் மின்னஞ்சல் அனுப்பினார். அடுத்த பெப்ரவரியில் பதவி போனது. 2009இல் டேமியன் மக்பிரைட், எதிர்க்கட்சித் தலைவர்களைப் பற்றிய அவதூறுகளைப் பரப்பத் திட்டமிட்ட மின்னஞ்சல்கள் வெளிவந்து விலகினார். 2012இல் ஆடம் ஸ்மித், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவது பற்றித் தன் அமைச்சர் நடுநிலையாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தில், வாங்க வந்த நிறுவனத்தின் ஆளோடு அளவுக்கு மீறிய தொடர்பு வைத்திருந்ததால் விலகினார். மூவரையும் காட்டிக்கொடுத்தது எழுத்தில் இருந்த சொற்கள்தான்.

வாட்ஸ்அப்புக்கும் இதே கதி. சொந்தக் கைத்தொலைபேசியில் அனுப்பினாலும் அரசு விஷயம் என்றால் அது தகவல் அறியும் சட்டத்துக்குள் வரும். கோவிட் விசாரணையில் யார் யாருடைய செய்திகளெல்லாம் திரையில் ஓடின என்று பார்த்திருப்பீர்கள். முக்கியமான முடிவு ஏதும் அதில் வந்தால் துறையின் அமைப்புக்கு நகர்த்துங்கள். கட்சிக் காலத்துக் குழுக்களிலிருந்து முதல் நாளே வெளியேறுங்கள்.

உங்கள் பெயரில் கட்டுரை எழுதுவது, மேடையில் அரசியல் பேசுவது, எக்ஸ் தளத்தில் சண்டை போடுவது மூன்றும் நிற்க வேண்டும். தமிழ் வானொலியில் 'நம்ம ஆள்' என்று கூப்பிடுவார்கள், அதுவும் சேர்த்தித்தான்.

10. வெளியேறும்போது

பொதுத்தேர்தல் அறிவித்ததும் கட்சிப் பிரசாரத்துக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பதவி விலக வேண்டும். வேட்பாளராக நிற்பதற்கும் அப்படியே. அமைச்சரோடு வேலை போனால் பிரிவுத் தொகை உண்டு, அது பணியாற்றிய காலத்தைப் பொறுத்தது, அட்டவணை ஒப்பந்தத்தில் இருக்கும். வேறு அமைச்சரிடம் சீக்கிரம் திரும்பச் சேர்ந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். வந்ததும் செலவழித்துவிடாதீர்கள். தேர்தல் இல்லாத காலத்தில் நீங்களாக விலகினால் தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

கணினியும் தொலைபேசியும் சில மணி நேரத்தில் பறிபோகும். அதனால் சம்பளச் சீட்டுகள், ஓய்வூதியக் கடிதம், ஒப்பந்தம், நலன் அறிவிப்புப் படிவத்தின் பிரதி ஆகியவை எப்போதும் வீட்டில் இருக்கட்டும். உங்களைப் பற்றிய தாள்கள் மட்டும். துறையின் தாள் ஒன்றுகூட வெளியே வரக் கூடாது, இரகசியச் சட்டம் வேலை போன பிறகும் உங்களைக் கட்டும்.

பெரும்பாலோர் அடுத்துப் போவது பொதுத் தொடர்பு நிறுவனங்களுக்கு. அங்கே சேருமுன் அரசின் பணிமாற்ற விதிகளின்படி அனுமதி வேண்டும். பதவி நிலையைப் பொறுத்து இந்தக் கட்டுப்பாடு இரண்டு ஆண்டு வரை நீளும், அரசிடம் பரிந்து பேசக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் வரும். நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்குத் துறையே முடிவெடுக்கும். மூத்தவர்களின் விண்ணப்பங்களை முன்பு ஆலோசனைக் குழு ஒன்று பார்த்தது, அது 2025 அக்டோபரில் மூடப்பட்டு, அந்தப் பொறுப்பு குடிமைப் பணி ஆணையத்திடம் போயிருக்கிறது. வாரங்கள் ஆகும் என்பதால் சம்பளமில்லாத இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். புதிய நிறுவனத்திடம் "அனுமதி கிடைத்தால் சேருகிறேன்" என்று எழுத்தில் சொல்லிவிட்டு, வேலையை ஏற்பதற்கும் அறிவிப்பதற்கும் முன்பே படிவத்தைக் கொடுங்கள். சேர்ந்த பிறகு போட்ட விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.